ராஜா பாட்டுக்காகப் பரணைக் கிளறும் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976இல். இன்று பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கிற பிள்ளைகள், தங்கள் அப்பாவே அன்று கைக்குழந்தையாக இருந்திருக்கக்கூடிய அந்தப் பாட்டுகளில் பைத்தியமாகக் கிடக்கிறார்கள். படிப்பு கெடுகிறதே என்று புலம்பும் பெற்றோருக்குப் பதில் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. பிள்ளைகளுக்குத்தான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. செல்போனில் கேட்டு அலுத்ததும் இவர்கள் அடுத்துச் செய்வது, தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட் பெட்டியை இறக்குவது. நல்ல காரியம்தான். ஆனால் இறக்கின கையோடு ஒன்றை எடுத்து டெக்கில் (கேசட் ஓட்டும் மெஷினில்) போட்டு பிளே பட்டனை அழுத்திவிடுகிறார்கள். முப்பது, நாற்பது வருடம் தாங்கின கேசட் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது.

பெட்டியில் இரண்டு ஜாதி இருக்கும். எக்கோ, இன்ரெகோ, எச்.எம்.வி. போன்ற கம்பெனிகள் அச்சிட்டு விற்ற கேசட் ஒன்று. தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் சென்டரில் இசைத்தட்டிலிருந்து பதிந்து வாங்கியது மற்றொன்று. இரண்டாவதின் தரம் அந்தக் கடைக்காரர் வைத்திருந்த ஊசியைப் பொறுத்தது. சிலது கம்பெனி கேசட்டைவிடவே நன்றாக இருக்கும். பட்டியல் நீளம் என்றால் 90 நிமிடக் கேசட்டில் பதிந்திருப்பார்கள். அதன் டேப் கனம் 12 மைக்ரான்தான், 60 நிமிடக் கேசட்டில் 17, 18 மைக்ரான் இருக்கும். டெக் மென்று தின்பது பெரும்பாலும் 90ஐத்தான்.

முதலில் செய்ய வேண்டியது, கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுவது. அவை இருக்கிற வரை, பதிவு செய்யும் சிவப்புப் பட்டன் தவறிப் பட்டாலே பழைய பாட்டு அழிந்து அந்த இடத்தில் மௌனம் பதிவாகும். அடுத்து வெளிச்சத்தில் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. ஓட்டினால், டேப்பைத் தொட்டுப் பாட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போய்ச் சேரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி, நன்றாகக் காய்ந்த பிறகு, தூள் பறக்காதபடி துடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்துக் காய வைப்பது வேண்டாம், கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடும்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாத ஒரு பொருள். டேப் தெரியும் வாயின் நடுவில், டேப்புக்குப் பின்னால், மெல்லிய தகடு ஒன்று வில்லாக வளைந்திருக்கும். அதன் மேல் உளுந்து அளவில் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். வருடக்கணக்கில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கும், இடையிடையே காணாமல் போகும். "கேசட் செத்துப்போச்சு" என்று தூக்கிப் போடுவதில் பாதி இந்தக் கேஸ்தான். மலிவான வெற்றுக் கேசட் ஒன்றைத் திறந்து தகட்டோடு எடுத்து மாற்றினால் சரியாகிவிடும். பழைய கம்பளியையே ஃபெவிக்விக் போட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு. பசை கம்பளியில் ஊறிக் கல்லாகி, டேப்பைக் கீறிவிடும்.

ஓடு பெரும்பாலும் ஐந்து திருகாணியில் நிற்கும். மேசையில் படுக்க வைத்து, மேல் மூடியை மட்டும் நேராகத் தூக்குங்கள். இரண்டு மூலைகளில் உள்ள உருளைகள், டேப்புக்கு மேலும் கீழும் வழுக்கலாக இருக்கும் தாள்கள், எதுவும் நகருவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அறுந்த டேப்பை ஒட்ட செலோடேப் ஆகவே ஆகாது. நம் ஊர்ச் சூட்டில் பசை இளகி அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது. அதையும் ஹெட்டைத் தொடாத பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

டேப்பை டெக் ஏன் தின்கிறது? கேப்ஸ்டன் என்ற சுழலும் கம்பியும், அதோடு அழுந்தும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வலதுபக்கச் சக்கரம் அதே வேகத்தில் சுற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். பெல்ட் தொய்ந்து அந்தச் சக்கரம் நின்றுவிட்டால், வருகிற டேப் போக வழியில்லாமல் ரோலரில் சுற்றிக்கொள்ளும். அப்போது கேசட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ரோலரைக் கையால் பின்னோக்கிச் சுற்றி விடுவியுங்கள். பழைய டெக் வாங்கியவுடன் பெல்ட்டை மாற்றிவிடுவது உத்தமம். ஹெட்டையும் கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் எட்டுப் பத்துக் கேசட்டுக்கு ஒரு முறை துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு ஈரத்துணியும் லேசான சோப்பும் போதும்.

இனி வருவதுதான் ராஜா ரசிகர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. "அந்தக் காலத்து ஒலிப்பதிவு மங்கல்" என்ற பேச்சு இருக்கிறதே, அதில் பெரும்பங்கு ஹெட் சாய்ந்திருப்பதால் வருவது. ஹெட்டின் நடுவில் உள்ள நூல் போன்ற இடைவெளி, டேப் ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த மெஷினில் ஹெட் ஒரு கோணம், உங்கள் டெக்கில் வேறு கோணம் என்றால் மேல் ஸ்தாயி ஒலி அத்தனையும் போய்விடும். இடது வலது இரண்டையும் கலந்து மோனோவாகக் கேட்டால் இன்னும் மோசம், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு வயலின்களின் மேல் ஸ்தாயி கரைந்துவிடும். பின்னால் ஓடும் புல்லாங்குழல் எதிர்மெட்டைக் கேட்கத்தானே இத்தனை பாடும்? ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு திருகாணி இருக்கும், பெரும்பாலும் மேலே பெயிண்ட் பொட்டு வைத்திருப்பார்கள். காந்தமேறாத திருப்புளியால், பாட்டு ஓடும்போதே, எட்டில் ஒரு பங்கு திருப்பு மட்டும் அசையுங்கள். மோனோவில் கேட்டபடி, டிரம்ஸின் ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு 'ட்சிக்' என்று சுத்தமாக எங்கே விழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இதைக் கேசட்டுக்குக் கேசட், பக்கத்துக்குப் பக்கம் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், சுருக்கு வழி கிடையாது.

கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம் வரும். கேசட்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். 'ராஜா சார் வேற டியூனிங் வெச்சிருக்கார்' என்று கதை கட்டிவிடுவார்கள். டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். மோட்டார் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை, அதாவது கீபோர்டில் பக்கத்துக் கட்டை வரை ஏறிவிடும் (அதற்குக் குறைந்தால் நடுவில் நிற்கும்), நாலரை நிமிடப் பாட்டு கால் நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பல மோட்டார்களின் பின்புறத் துளைக்குள் வேகத்தைச் சரிசெய்யும் திருகு இருக்கும். 3000 அல்லது 3150 ஹெர்ட்ஸ் பதிந்த சோதனைக் கேசட்டை ஓட்டி, செல்போன் டியூனர் செயலியில் அந்த எண் வருகிறதா என்று பாருங்கள். சோதனைக் கேசட் இல்லாமல் காதை நம்பித் திருகக் கூடாது.

கணினியில் ஏற்ற டெக்கின் பின்னால் ஒலி வெளியே வரும் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் போங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டை பெரும்பாலும் மோனோ, அதுவும் மைக்குக்கான மெல்லிய சிக்னலுக்காகச் செய்தது. அதில் நேராகச் செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதுவே போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்து, பாட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வையுங்கள். ஓட்டுவதற்கு முன் கேசட்டை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள், இறுகின சுருள் தளரும். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தாமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதிந்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். முப்பது நிமிடப் பக்கம் ஏறக்குறைய 520 எம்பி வரும். ஃபிளாக்காக மாற்றினால் தரம் குறையாமல் இடம் நன்றாகக் குறையும். எம்பி3 ஆக மட்டும் வைத்துக்கொள்வது உழைப்புக்குச் செய்யும் துரோகம்.

மென்பொருளில் இரைச்சல் நீக்கும் பட்டனைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். 'உஸ்' போகும்போது வயலின் வில் கம்பியில் உரசும் ஓசையும் கூடவே போகும். ஆசை இருந்தால் ஒரு பிரதியில் செய்து பாருங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

இணையத்தில் ஏற்றலாமா என்றால், கூடாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1976இல் வெளியானதற்கே 2036 முடிய வேண்டும். உரிமை யாருக்கு என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் நடந்த பாட்டுகள் இவை என்பதும் நினைவிருக்கட்டும்.

உறையின் அட்டையையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பாடலாசிரியர் பெயரை இணையத்தில் தப்பாகப் போட்டிருக்கும் இடங்களில் அந்த அட்டைதான் சாட்சி. வேலை முடிந்ததும் கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம். பிளேயில் கடைசிவரை ஓடின நிலையில், ரீவைண்ட் செய்யாமல், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். வேகமாகச் சுற்றிய சுருளைவிட பிளேயில் சுற்றிய சுருள் சீராகப் படிந்திருக்கும்.

இப்படிக்கு,
டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர்,
மதுரை