உள்ளான் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள்: எண்ணூருக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சனி, ஞாயிறு காலைகளில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்கள், அவர்களைக் கூட்டி வரும் குழுக்களை நடத்துகிறவர்கள், உங்கள் எல்லோருக்கும்தான் இந்தக் கடிதம். நானும் இந்தப் பக்கத்துக்காரன், நானும் படம் எடுக்கிறவன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேற்றில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும் உள்ளான் மாதிரியான கரைப்பறவைக் கூட்டத்தை, பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கிளப்பிவிடுவதை நிறுத்துங்கள். ஒருவர் கையைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் மற்றவர்கள் கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நிற்பதும், சரியாக வரவில்லை என்றால் கூட்டம் இறங்கிய இடத்துக்கே போய் மறுபடியும் கிளப்புவதும் இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது.

கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும் நேரம் நமக்கு நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கக் கிடைக்கும் நேரம், அவ்வளவுதான். அந்தப் பறவைகளுக்கு அது சாப்பாட்டு நேரம். ஒரு நாளைக்கு இரண்டு முறை வற்றுகிறது, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது, அதில் ஒன்று பெரும்பாலும் இருட்டில் வரும், இருட்டிலும் அவை இரை தேடத்தான் செய்கின்றன. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஒரு மீட்டர் அளவுதான், குஜராத் பக்கம் மாதிரி கிலோமீட்டர் கணக்கில் கடல் உள்வாங்குவதில்லை. அதனால் இங்கே வெளியே தெரியும் சேறு ஒரு சின்னப் பட்டைதான், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். நாம் விளையாட்டாகக் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சில மணி நேரத்திலிருந்துதான் கழிகிறது.

கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது கிராம்கூடத் தேறாத பறவை. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போவதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும், அந்த நேரத்தில்தான் இறகும் மாறிச் செம்பழுப்பு நிறம் ஏறும், அந்த நிறத்துக்காகத்தான் நம் ஆட்களும் அந்த மாதங்களில் அதிகமாக வருகிறார்கள். பறவைக்கு ஒரு வேளைச் சாப்பாடும் தவறக்கூடாத மாதத்தில்தான் நாம் அதிகமாகத் துரத்துகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூக்கு கீழ்நோக்கி வளைந்த உள்ளான் ஒன்று கொசு உள்ளான்களோடு கலந்து நிற்குமே, அதை 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனங்களோடு சேர்த்துவிட்டார்கள். எண்ணிக்கையில் நிறையத் தெரிவதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க இனி இடமில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "இங்கே சாம்பலும் எண்ணெயும் கொட்டுகிறார்கள், அதை விட்டுவிட்டு எங்களைச் சொல்ல வந்துவிட்டீர்களா?" நியாயமான கோபம்தான். இங்கே கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஆறு முழுக்கப் பரவி, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாக நின்றதையும், மீனவர்களே படகில் போய் எண்ணெயை அள்ளியதையும் மறக்க முடியாது. சென்னைத் துறைமுகம் கட்டிய காலத்திலிருந்தே வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்துக்கொண்டு வருகிறது, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எத்தனை இடத்தில் மணல் போய்க் கல்தான் கிடக்கிறது என்பது அந்தச் சாலையில் வருகிற உங்களுக்கே தெரியும். ஆனால் அதனால்தான் சொல்கிறேன். மற்ற இடமெல்லாம் போய்விட்ட பிறகு மிச்சமிருக்கும் சேற்றிலும் நிம்மதியாக நிற்க விடவில்லை என்றால் அந்தக் கூட்டம் எங்கே போகும்? இங்கிருந்து கிளம்பி பழவேற்காடு வரை பறப்பதற்கும் சாப்பிட்ட இரையைத்தான் செலவழிக்க வேண்டும். ஆலைக்காரர்களைக் கேள்வி கேட்போம், கண்டிப்பாகக் கேட்போம், அதற்காக நாம் செய்வது சரியாகிவிடாது.

சரி, படம் எப்படி எடுப்பது? துரத்தாமல் எடுத்தால்தான் நல்ல படமே கிடைக்கும் என்பது என் அனுபவம். முகத்துவாரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இதுதான்: "சும்மா ஒரு இடத்துல உக்காருப்பா, தண்ணி ஏறட்டும், அதுங்களே உன் கிட்ட வரும்." அப்படியேதான் நடக்கிறது. நன்றாக வற்றியிருக்கும்போது பறவைகள் தூரத்தில் தண்ணீர் ஓரமாகப் பரவி நிற்கும், அப்போது நடந்து கிட்டே போகப் பார்த்தால் கிளம்பத்தான் செய்யும். அதற்குப் பதிலாக ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கொஞ்சம் மேலே, காலை என்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, அதாவது கடலுக்கு முதுகு காட்டி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், கூட்டம் அடி அடியாக உங்கள் பக்கம் நகரும். அந்த நேரத்தில் பார்க்கக் கிடைப்பதெல்லாம் துரத்துகிறவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. உப்புக்கொத்தி நாலடி ஓடி, சட்டென்று நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து ஒரு கொத்து கொத்தும், கண்ணால் பார்த்துத்தான் அது இரை பிடிக்கும். பக்கத்திலேயே நிற்கும் உள்ளான் பெரும்பாலும் கண்ணை நம்பி நிற்காது, மூக்கைச் சேற்றுக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டே போகும், இரை இருப்பது அதன் மூக்கு நுனிக்கே தெரியும். நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவையான குதிரைமலைக் கோட்டான் ஒரு நண்டைப் பிடித்தால் உடனே விழுங்காது, உதறி உதறிக் கால்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு உடம்பை மட்டும் விழுங்கும். இதையெல்லாம் படமாக எடுங்கள், பறக்கிற கூட்டத்தின் படம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது.

பறவை எப்போது பயப்படுகிறது என்று அதுவே காட்டிவிடும். பொறுக்குவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்களும் அங்கேயே நின்றுவிடுங்கள். கூட்டம் நெருங்கிச் சேர்ந்து ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் பின்வாங்கிவிடுங்கள். ஏற்றத்தின்போது மணல் திட்டில் ஒற்றைக் காலில் தூங்கும் கூட்டத்தையும் விட்டுவிடுங்கள், அது ஓய்வு நேரம். ட்ரோன் வேண்டவே வேண்டாம், மேலே வந்தால் பருந்து வந்ததாகத்தான் அவை நினைக்கும்.

இன்னொன்று. அதே சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நகரும்போது உள்ளான்கள் கொஞ்சம் விலகி நின்று தன் பாட்டுக்கு இரை பொறுக்கும், பறக்காது. மெதுவாக, ஒரே சீராக, பறவைப் பக்கம் திரும்பாமல் நகர்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி நகரக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். படகு இறக்கும் வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

குழு நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கிளப்பிவிட்டு எடுத்தது என்று தெரிந்த படத்துக்கு உங்கள் வாராந்தரப் போட்டிகளில் இடம் கொடுக்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் உங்களைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அதற்குப் பதிலாகக் காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிவிட்ட வளையமோ வண்ணக் கொடியோ தெரியும் படங்களைக் கேளுங்கள், எண் தெளிவாகத் தெரிந்தால் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பலாம், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்றே தெரிய வரலாம். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது எண்ணுகிறவர்களுக்குப் பெரிய தொல்லையே கலைந்து பறக்கும் கூட்டம்தான், ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ண நேரிடும். அந்த நாளிலாவது உங்கள் குழுவை அழைத்து வந்து எண்ணுகிறவர்களோடு சேர்த்து உட்கார வையுங்கள். இந்தப் பருவத்துக்கான முதல் நடைக்கு முன்பே உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்வீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன், பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
எண்ணூர்க்காரன் ஒருவன்