ஷார்ட் கிளப்புக்கு அப்புறம்

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் புது பார்ட்னரோடு ஷார்ட் கிளப்புக்கு, அதாவது 5 சீட்டு ஹார்ட்டோ ஸ்பேடோ இல்லாதபோது 2 கிளப் சீட்டிலும் 1 கிளப் என்று ஏலம் தொடங்கும் முறைக்கு, மாறுகிறாய், சந்தோஷம். 1 கிளப்புக்குப் பார்ட்னர் சொல்லும் பதில் பிட்களை (ஏல அழைப்புகளை) பழையபடியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், அப்புறம் எதற்கு மாறுவது?

முதலில் 1 டயமண்ட் என்று ஏலம் தொடங்குவதைத் தீர்மானியுங்கள். அது எப்போதும் 4 சீட்டு என்றால், 1 கிளப் என்று தொடங்கிய கையில் 2 கிளப் சீட்டு மட்டும் இருப்பது ஒரே வடிவத்தில்தான்: 4 ஸ்பேட், 4 ஹார்ட், 3 டயமண்ட், 2 கிளப். மொத்தக் கைகளில் அது 1.8 சதவீதம். அதற்குப் பயந்து வெறுங்கையோடு 1 கிளப்பை விட்டு ஓட வேண்டியதில்லை. கிளப்பை ஏற்றுவதற்கு மட்டும் கையில் 5 சீட்டு இருக்கட்டும்.

1 கிளப்புக்குப் பதில் டிரான்ஸ்ஃபர், அதாவது கையில் உள்ள சூட்டுக்கு ஒரு படி கீழே உள்ளதைச் சொல்வது. 1 டயமண்ட் சொன்னால் ஹார்ட், 1 ஹார்ட் சொன்னால் ஸ்பேட், இரண்டும் குறைந்தது 4 சீட்டு. 1 ஸ்பேட் சொன்னால் 4 சீட்டு மேஜர், அதாவது ஹார்ட்டோ ஸ்பேடோ, இல்லை. டயமண்ட் கைகளும் அதற்குள்ளேயே. இரண்டு மேஜரும் நாலு நாலாக இருந்தால் ஹார்ட்டில் தொடங்கு.

லாபமெல்லாம் ஓப்பனரின், அதாவது ஏலம் தொடங்கியவரின், அடுத்த பிட்டில்தான். 1 நோட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று நீங்கள் தொடங்குவது 15-17 பாயின்ட்டில் தானே? அப்படியானால் 1 டயமண்டுக்கு 1 ஹார்ட் என்பது 12-14 பாயின்ட், பேலன்ஸ்டு (சூட்டுகள் ஏறக்குறைய சமமாக உள்ள கை), ஹார்ட் 2 அல்லது 3. 18-19 இருந்தால் 1 நோட்ரம்ப். பழைய முறையில் இதே கைக்கு 2 நோட்ரம்ப் வரை தாவ வேண்டும். உன் கையில் ஹார்ட் கிங், 10, 7, 4, 2, கிளப் ஜாக், வேறு ஒன்றுமில்லை என்று வை. அந்த 4 பாயின்ட்டோடு 2 நோட்ரம்ப்பில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும். இதில் 1 நோட்ரம்ப்புக்கு மேல் 2 டயமண்ட் டிரான்ஸ்ஃபர், அவர் 2 ஹார்ட், நீ பாஸ்.

ஓப்பனர் 1 ஹார்ட் சொன்னபின் பலவீனமான கையில் 5 ஹார்ட் இருந்தால் பாஸ், 4 மட்டும் என்றால் 1 நோட்ரம்ப். 4-2 பொருத்தத்தில் 1 ஹார்ட் ஆடுவது அழுகைதான். அந்த 1 ஹார்ட்டுக்கு மேல் நீ 2 கிளப் சொன்னால் ஓப்பனர் யோசிக்காமல் 2 டயமண்ட் சொல்லவேண்டும். டயமண்ட் நீளமான பலவீனக் கை அங்கேயே நிற்கும், கேமுக்கு (போனஸ் தரும் உயரத்துக்கு) அழைக்கும் கை மேலே போகும். நீயே நேரடியாக 2 டயமண்ட் சொன்னால் கேம் ஃபோர்சிங், கேம் வரை நிறுத்தக் கூடாது.

சொதப்பல் நடப்பது எதிராளி குறுக்கிடும்போது. உன் பதிலான 1 டயமண்டை அவர் டபிள் செய்தால், ஓப்பனரின் 1 ஹார்ட் இப்போது கட்டாயம் 3 சீட்டு, 2 என்றால் பாஸ். நம் 1 கிளப்புக்கு மேல் எதிராளி 1 டயமண்ட் ஓவர்கால் செய்தால், நம் டபிள் ஹார்ட், 1 ஹார்ட் ஸ்பேட். இதை எழுதி வைத்துக்கொள்ளாத ஜோடிக்கு முதல் நாளே விபத்துதான். உன் பதிலான 1 டயமண்டுக்கு அலர்ட், அதாவது வழக்கமான அர்த்தமில்லை என்று எதிராளிக்கு அறிவிப்பு, கொடுக்க வேண்டியவர் ஓப்பனர், மறந்துவிடாதே.

ஓப்பனரின் 1 ஹார்ட் என்றால் எப்போதும் 3 சீட்டு என்று வைப்பவர்களும் உண்டு. 12-14இல் 2 சீட்டு இருந்தால் 1 நோட்ரம்ப், 18-19 திரும்ப 2 நோட்ரம்ப்புக்கு. எனக்கு அது பிடிக்காது. பார்ட்னருக்கு எது பிடிக்கிறது என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சேகர்