அழைத்தது யார் என்பதுதான் வழக்கு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆஸ்டினில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வீட்டுக் கதையெல்லாம் நேரில் வைத்துக்கொள்ளலாம். நீ கேட்டதற்கு வருகிறேன்.

சோலார், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் என்று நாள் முழுக்க போன் அடிப்பவர்கள் மேல் வக்கீல் வைக்காமல் கேஸ் போட முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். 1991-இல் வந்த டிசிபிஏ என்ற அமெரிக்கத் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மீறல் ஒன்றுக்கு 500 டாலர். தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபித்தால் நீதிபதி 1,500 வரை உயர்த்தலாம். ஆனால் ஜெயித்தவரின் வக்கீல் செலவை எதிராளி தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதனால் ஏழெட்டு அழைப்புக்காக மெனக்கெட வக்கீல்கள் முன்வருவதில்லை. இப்படி ஒரு கேஸை நாமே நடத்துவது வீம்பு இல்லை, கணக்கு.

உனக்கு இரண்டு வழி இருக்கிறது. செல்போனுக்குப் பதிவுசெய்த குரலில் விற்பனை அழைப்பு வந்து, நீ சம்மதமே தராமல் இருந்தால், முதல் அழைப்பே மீறல். ஏஐ குரலும் இதில் சேரும் என்று தொலைத்தொடர்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்சிசி 2024-இல் சொல்லிவிட்டது. இன்னொன்று 'டூ நாட் கால்' பட்டியல், அதாவது விற்பனை அழைப்பு வேண்டாம் என்பவர்கள் எண்ணைப் பதியும் அரசுப் பட்டியல். எண்ணைப் பதிந்து 31 நாள் கழிந்த பிறகு, ஒரே நிறுவனத்துக்காக 12 மாதத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அழைப்பு வந்திருக்க வேண்டும். கடந்த 18 மாதத்தில் அவர்களிடம் எதையாவது வாங்கியிருந்தாலோ, 3 மாதத்துக்குள் விசாரித்திருந்தாலோ இது எடுபடாது. அரசியல் கட்சிகளும் தர்ம ஸ்தாபனங்களும் இந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. 'ஆட்டோ டயலர்', அதாவது எண்களைத் தானாக அழைக்கும் கருவி, என்ற குற்றச்சாட்டை விட்டுவிடு. ஃபேஸ்புக் வழக்கில் 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த விளக்கத்துக்குப் பிறகு அதை நிரூபிப்பது குதிரைக்கொம்பு. எஸ்எம்எஸ் மட்டும் வந்திருந்தால் யோசித்துச் செய். பட்டியல் பிரிவில் அது 'அழைப்பு' ஆகுமா என்பதில் இப்போது நீதிமன்றங்கள் ஒத்துப்போவதில்லை.

அந்தப் பட்டியலில் உன் எண் பதிவான தேதியை அரசுத் தளத்தில் சரிபார். மின்னஞ்சலில் வரும் பதிலை அச்செடுத்து வை. அந்தத் தேதி நீ எண் வாங்குவதற்கு முந்தையது என்றால், பதிந்தவர் அந்த எண்ணை முன்பு வைத்திருந்தவர். 'தானே பதிந்தவருக்குத்தான் உரிமை' என்று சொன்ன நீதிபதிகள் உண்டு. அதனால் உன் பெயரில் புதிதாகப் பதிந்துவிடு. அதே எண்ணைத் தையல் கடைக்கும் கொடுத்திருக்கிறாயா? அப்படியானால் 'இது வீட்டு எண் இல்லை' என்று வாதாடுவார்கள்.

இதெல்லாம் சுலபம். கேஸ் கவிழ்வது சட்டத்தில் இல்லை, யார் மேல் போடுவது என்பதில். திரையில் தெரியும் எண் பெரும்பாலும் போலி. பேசுகிற ஆள் வேறு நாட்டு கால் சென்டரில் இருப்பார். அவர் மேல் தீர்ப்பு வாங்கினாலும் ஒரு காசு வராது. நமக்கு வேண்டியது அந்த அழைப்பால் லாபம் பார்க்கும் அமெரிக்க நிறுவனம். அதனால் உடனே போனை வைத்துவிடாதே. கம்பெனியின் முழுப் பெயர், இணையதளம், திரும்ப அழைக்கும் எண், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல். இன்ஷூரன்ஸ் என்றால் கடைசியில் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அவர் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் கேட்டு வாங்கினால் மாநில இன்ஷூரன்ஸ் துறைத் தளத்தில் ஆள் அகப்படுவார். சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ கார்டு எண்ணோ கொடுத்துவிடாதே.

'நாங்கள் அழைக்கவில்லை, வெளியாள் அழைத்தான்' என்பார்கள். விற்பனையாளரும் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று எஃப்சிசி 2013-இல் சொல்லியிருக்கிறது: அவர் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது கொடுத்ததுபோல் நடந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் பலனை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். கால் சென்டர்காரர் அழைப்பை நேரே அவர்களிடம் மாற்றிவிட்டார் என்ற பதிவு இங்கே தங்கம். பேச்சை ரெக்கார்ட் செய்ய உங்கள் டெக்சாஸில் பேசுபவரில் ஒருவர் சம்மதம் போதும், அந்த ஒருவர் நீயே. எதிர்முனை கலிபோர்னியா, ஃப்ளோரிடா என்றால் 'ரெக்கார்ட் செய்கிறேன்' என்று சொல்லிவிடு.

ஆனால் வலை விரிக்காதே. குறைந்தது முப்பத்தைந்து செல்போன் வாங்கி வைத்துக்கொண்டு வழக்குக்காகவே காத்திருந்த ஒரு பெண்ணுக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்று பென்சில்வேனியாவில் ஒரு நீதிமன்றம் 2016-இல் அனுப்பிவிட்டது.

அடுத்து, 'நீங்களே எங்கள் தளத்தில் படிவம் நிரப்பிச் சம்மதம் தந்தீர்கள்' என்று ஒரு காகிதம் வரும். தேதி, நேரம், ஐபி முகவரி மூன்றையும் கேள். அந்த ஐபி உன் இணைய நிறுவனத்துடையதா, எந்த ஊரைக் காட்டுகிறது என்று பார். பெயரோ பிறந்த தேதியோ தப்பாக இருந்தால் அதுவே உன் சாட்சி.

கணக்கு இப்படி: ஆறு அழைப்பு, ஆறிலும் பதிவுக் குரல், எண்ணும் பட்டியலில் இருக்கிறது. ஒரே அழைப்புக்கு இரண்டு பிரிவிலும் கேட்கலாம் என்று ஏற்ற நீதிமன்றங்கள் உண்டு. 3,000-மும் 3,000-மும் ஆறாயிரம், மும்மடங்கானால் 18,000. சிறு தொகை வழக்குகளை எடுக்கும் உங்கள் பகுதி ஜஸ்டிஸ் கோர்ட்டின் வரம்பு 20,000, மனுக் கட்டணம் 54 டாலர். சம்மன் கொடுக்கும் செலவு தனி. மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டில் கட்டணமே 405.

மனுவில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி: தேதி, நேரம், வந்த எண், யார் பேசினார், என்ன விற்றார். பதிவுக் குரல் என்று எப்படித் தெரிந்தது என்பதையும் எழுது: குறுக்கே பேசியும் நிற்கவில்லை, ஒவ்வொரு முறையும் அதே வாசகம் என்பதுபோல. போனில் பழைய அழைப்புகள் தானாக அழிந்துவிடும். போன் கம்பெனியின் பில்லை இன்றே இறக்கி வை. கம்பெனியின் சட்டப் பெயரையும், அதற்காகச் சம்மன் வாங்கிக்கொள்ளும் ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட்டையும் மாநில நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரில் கம்பெனி வகையைச் சொல்லும் 'எல்எல்சி' விட்டுப்போனால்கூடத் தீர்ப்பு வெறும் காகிதமாகலாம். சம்மனை நீயே கொடுக்கக் கூடாது. கான்ஸ்டபிளோ லைசென்ஸ் உள்ளவரோ கொடுக்க வேண்டும். பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு கேட்கலாம். எதிராளி ராணுவப் பணியில் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும் சத்தியப் பத்திரத்தை மறந்தால் அது நின்றுவிடும்.

இது மத்தியச் சட்டம் என்பதால் 30 நாளுக்குள் அவர்கள் கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுக்கலாம். பயப்படாதே, அங்கே கட்டணம் அவர்களுடையது. ஆனால் வேகம் கூடும். கேஸைத் தள்ளச் சொல்லி அவர்கள் போடும் மனுவுக்குப் பதில் தாக்கல் செய்யும் கெடுவைத் தவறவிட்டால் போச்சு. பதிலை ஏஐயிடம் எழுதி வாங்கினால் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் நீயே திறந்து படி. இல்லாத தீர்ப்புகளைக் காட்டியதற்காக 2023-இல் நியூயார்க்கில் வக்கீல்களுக்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

பெரும்பாலும் நடுவில் சமரசம் பேசுவார்கள். வெளியே சொல்லக் கூடாது என்ற ஷரத்து இருக்கும். வரும் பணத்துக்கு வருமான வரி உண்டு, அதையும் சேர்த்துப் பேரம் பேசு.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டின் பெயர் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதையும் அழைப்புப் பட்டியலையும் அனுப்பு. சோலார்காரனை இப்போதைக்கு விடு. அவன் பெயர் தெரியாதவரை 54 டாலர் வீண்.

அன்புடன்,
வசந்தி