ஒரு ஷில்லிங் பச்சை அட்டை

அன்பு கல்யாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

விக்டோரியன் பேப்பர், அதாவது விக்டோரியா ராணி காலத்து ஆங்கில இலக்கியப் பாடம், இந்தப் பருவத்தில் நீ நடத்தும்படி உன் தலையில் விழுந்திருக்கிறது, இலக்கியச் சொற்களுக்கெல்லாம் விளக்கம் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். வெறும் பட்டியலாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விளக்கத்தை நெட்டுருப் போட்ட பிள்ளைகள், தெரியாத ஒரு பத்தியைக் கையில் கொடுத்தால் திணறிப்போகிறார்கள். நீ வேறு முனையிலிருந்து தொடங்கிப் பார். அந்தக் காலத்து நாவல் என்ன விலைக்கு விற்றது, எத்தனை பக்கமாக வந்தது, வாசகர் கைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போனது? இந்த மூன்றையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், பாதிச் சொற்களுக்குத் தனி விளக்கமே வேண்டியிருக்காது.

டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836 ஏப்ரலில் மாதப் பகுதியாக வரத் தொடங்கியது. பகுதி ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். முதலில் 24 பக்கமும் நான்கு படமுமாக இருந்தது. ஓவியர் சீமோர் இறந்தபின் 32 பக்கம், இரண்டு படம் என்று மாற்றினார்கள். அந்த அளவே டிக்கன்ஸின் மாத நாவல்களுக்கெல்லாம் நிலைத்துவிட்டது. மொத்தம் இருபது பகுதி, ஆனால் கடைசி இரண்டும் சேர்ந்து ஒரே இதழாக இரண்டு ஷில்லிங்குக்கு வரும். ஆக, பத்தொன்பது மாதத்தில் இருபது ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அதே காலத்தில் மூன்று தொகுதி நாவல் ஒன்றை மொத்தமாக வாங்க 31 ஷில்லிங் 6 பென்ஸ் வேண்டும். ஒரே நாளில் அவ்வளவு கொடுக்க முடியாத குமாஸ்தாவும் கடைக்காரரும் மாதம் ஒரு ஷில்லிங் கொடுத்தார்கள். நான்காம் பகுதியில் சாம் வெல்லர் வந்ததும் விற்பனை ஏறி, முடியும்போது மாதம் 40,000 பிரதியைத் தொட்டது.

இதை வகுப்பில் கண்ணால் பார்க்க வைக்க 'பிளீக் ஹவுஸ்' போல வேறு நாவல் கிடையாது. 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை, நீலப்பச்சை அட்டையில் வந்தது. மூன்றாம் பகுதி பத்தாம் அத்தியாயத்தோடு முடிகிறது. வக்கீல் டல்கிங்ஹார்ன், படி எழுதிக் கொடுக்கும் ஒருவனைத் தேடி மாடியறைக்குப் போகிறார். படுக்கையில் ஆள் கிடக்கிறான். கூப்பிட்டால் பதில் இல்லை. அறையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. அதோடு அந்த மாதம் சரி. அவன் செத்துக் கிடக்கிறான் என்பது பதினொன்றாம் அத்தியாயத்தில், அதாவது அடுத்த மாதம்தான் தெரியும். இப்போது நாம் பக்கத்தைப் புரட்டினால் அரை நிமிஷத்தில் விடை கிடைத்துவிடுகிறது. அன்றைக்கு முப்பது நாள் காத்திருந்தார்கள். அந்த முப்பது நாளை மனத்தில் கொண்டுவராவிட்டால் அந்த இருட்டின் கனம் பிடிபடாது. நடுப்பகுதியான பத்தாவதையும் பார்: பழம்பொருள் கடைக்காரர் குரூக் தானாகவே தீப்பற்றிச் சாம்பலாகும் இடம், 32ஆம் அத்தியாயத்தின் கடைசியில், 1852 டிசம்பர் இதழில் வருகிறது. இருபதில் சரிபாதி. இது தற்செயலாக அமைந்த இடம் என்று நான் நினைக்கவில்லை.

கிளிஃப்ஹேங்கர், அதாவது பதற்றமான கட்டத்தில் கதையை நிறுத்திவைப்பது, என்ற சொல்லை இங்கேதான் பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதட்டும்; ஆனால் அது இருபதாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சொல், விக்டோரியர் வாயில் வந்ததில்லை என்று சொல்லிவை. ஹார்டியின் 'எ பேர் ஆஃப் ப்ளூ ஐஸ்' நாவலில் ஹென்றி நைட் நிஜமாகவே ஒரு செங்குத்துப் பாறை விளிம்பில் தொங்குகிறான். அதனால் சொல்லும் ஹார்டியிடமிருந்தே வந்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

டிக்கன்ஸ் இதையெல்லாம் எழுதும்போது ஓடவிட்டு எழுதினார் என்று நினைக்கவும் விடாதே. 'டாம்பி அண்ட் சன்' நாவலிலிருந்து ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை இரண்டு பாதியாகப் பிரித்துத் திட்டம் போட்டார். இடப்பக்கம் தனக்குத்தானே கேள்வி: இன்னாரைக் கொண்டுவரலாமா? பக்கத்திலேயே பதில்: வேண்டாம், அடுத்த பகுதியில். வலப்பக்கம் அத்தியாயத் தலைப்பும் உள்ளே வரவேண்டியவையும். அந்தத் தாள்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஃபார்ஸ்டர் சேகரிப்பில் இருக்கின்றன. பிளாட், அதாவது கதைப்பின்னல், என்ற சொல்லைக் கற்பிக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. பிள்ளைகளையே ஒரு தாளை மடித்து, படித்து முடித்த மூன்று அத்தியாயத்துக்குத் திட்டம் எழுதச் சொல். எந்தப் பாத்திரத்தை ஏன் ஒத்திவைத்தார் என்று தாமே பேச ஆரம்பிப்பார்கள்.

வார இதழில் வந்தால் கதை வேறு. 'ஹார்ட் டைம்ஸ்' 1854 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் வந்தது. இடம் மிகக் குறைவு. டிக்கன்ஸ் அதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். அதில் வரும் தொழில் நகரமான கோக்டவுன் வர்ணனை அத்தனை இறுக்கமாகவும் திரும்பத் திரும்ப அடிக்கும் சொற்களாகவும் இருப்பதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். குறியீட்டு நடை என்று மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது.

மூன்று தொகுதி நாவலை இரவல் கொடுத்துப் பிழைத்தது வாடகை நூலகம். மியூடி நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி எடுக்கலாம். ஒரு நாவல் மூன்று துண்டாக இருந்தால் ஒரே பிரதியை மூன்று வீட்டுக்கு அனுப்பலாம். நூலகத்துக்கு லாபம். எழுத்தாளருக்கு? மூன்றையும் நிரப்ப வேண்டும். அதனால்தான் அக்கால நாவல்கள் பலவற்றில் இரண்டாம் தொகுதி தொய்ந்து கிடக்கிறது. குடும்பத்துக்குள் வந்து படிக்கப்படும் புத்தகம் என்பதால் மியூடி எதை வாங்க மறுப்பாரோ என்ற பயம் வேறு. 1894இல் மியூடி நூலகமும் டபிள்யூ. எச். ஸ்மித்தின் வாடகை நூலகமும் இனி இந்த விலை கட்டாது என்று சொன்ன பிறகு, சில ஆண்டிலேயே அந்த வடிவம் மறைந்தது.

ஆனால் நல்ல கைக்குக் கிடைத்தால் அதே வடிவம் எப்படி மின்னுகிறது என்பதற்கு 'ஜேன் அயர்' (1847). உன் பதிப்பில் ஒன்று முதல் 38 வரை அத்தியாயங்கள் ஒரே வரிசையாக இருக்கலாம். 15க்குப் பின்னும் 26க்குப் பின்னும் ஒரு கோடு போடு. முதல் தொகுதி ராச்செஸ்டர் அறையில் தீப்பிடித்த இரவோடு முடிகிறது. ஜேன் தூக்கமில்லாமல், அமைதியற்ற கடலில் அலைக்கழிவதாகச் சொல்கிறாள். இரண்டாவது தொகுதி திருமணம் நின்றுபோன நாளோடு முடிகிறது; அங்கே வெள்ளம் அவள்மேல் பாய்ந்து மூடுகிறது. இரண்டு முடிவிலும் தண்ணீர். கோடு போடாமல் படித்தால் இந்த அடுக்கு கண்ணிலேயே படாது. ஷார்லட் பிராண்டி எவ்வளவு கணக்காக எழுதியவர் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

'மிடில்மார்ச்' மூன்று தொகுதியில் அடங்காது என்று தெரிந்ததும், எட்டுப் பகுதியாக, ஒவ்வொன்றும் ஐந்து ஷில்லிங் விலையில் 1871 டிசம்பர் முதல் வெளியிட்டார்கள். இரண்டு தனிக் கதைகளாகத் தொடங்கியதை ஜார்ஜ் எலியட் ஒன்றாக இணைத்தார். ஆகவே ஒரு கதையிலிருந்து மறுகதைக்குத் தாவும் இடங்களில் கதைசொல்லி நேரடியாக முன்னால் வருவார். 29ஆம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம், ஒரு நாள் காலை டோரதியா என்று போய், ஏன் எப்போதும் டோரதியாவே என்று நடுவில் உடைகிறது. ஆத்தோரியல் இன்ட்ரூஷனுக்கு, அதாவது ஆசிரியர் குறுக்கிட்டுப் பேசுவதற்கு, அந்த ஒரு வாக்கியம் போதும். ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸுக்கு, அதாவது கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் பாத்திரத்தின் மனக்குரல் கலப்பதற்கு, சோதனை இது: படர்க்கை, இறந்தகாலம், 'என்று நினைத்தாள்' என்பது இல்லை, ஆனால் சொற்கள் பாத்திரத்தின் வாய்ச்சொற்கள். பெரும்பாலும் நான்கும் சேர்ந்தே வரும். கடைசியது இல்லாவிட்டால் சாதாரண வர்ணனையாகவே இருக்கும்.

கவிதைப் பக்கம் வந்தால், டிராமாடிக் மோனலாக்கில்தான், அதாவது ஒரு பாத்திரம் இன்னொருவரிடம் பேசுவதாக அமைந்த கவிதையில்தான், தவறு அதிகம். தனக்குத்தானே பேசும் சொலிலக்கியோடு குழப்புகிறார்கள். நம் அகப்பாட்டைப் படித்த பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன் என்று உறுப்புகள் சொல்கிறதே, அதை நினைவுபடுத்து. யார் சொல்கிறார், யாரிடம், எங்கே? பிரவுனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' 56 வரி. தலைப்புக்குக் கீழே ஃபெராரா என்று களம் இருக்கிறது. பேசுபவன் டியூக். கேட்பவன் ஒரு பிரபுவின் தூதன் என்பது 49ஆம் வரியில்தான் உடைகிறது. அதுவரை இவன் பெருமையை யாரிடம் சொல்கிறான் என்றே தெரியாது. மனைவியைத் தீர்த்துக்கட்டியதை, அடுத்த பெண் வீட்டுத் தூதனிடமே சொல்லியிருக்கிறான் என்று புரியும்போதுதான் முதுகு சில்லிடும். ஆகவே அந்த வரியை முன்கூட்டியே சொல்லிவிடாதே. இன்னொன்று: இது இரண்டிரண்டு வரியாக இயைபு முடிவுள்ள பாட்டு, ஆனால் வாக்கியங்கள் வரியில் நிற்காமல் ஓடும். வரி முடிவில் நிறுத்திப் படித்தால் பள்ளிப் பாட்டு போலாகிவிடும். நிறுத்தற்குறியில் மட்டும் நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல். டியூக்கின் குரல் தானாக வரும்.

டென்னிசனின் 'யுலிசிஸ்' இதே இலக்கணத்துக்கு ஒத்துவராமல் முரண்டு பிடிக்கும். முதல் 32 வரி தனக்குத்தானே பேசுவது போல், 33இல் மகனைச் சுட்டிக் காட்டுவது போல், 44க்குப் பின் மாலுமிகளிடம். விவாதத்துக்கு வைத்துக்கொள், முடிவு சொல்லாதே.

பெதெடிக் ஃபாலசி என்றால் இயற்கைக்கு மனித உணர்ச்சி ஏற்றுவது என்று எல்லா வழிகாட்டி நூலிலும் இருக்கிறது. கலை விமர்சகர் ரஸ்கின் 1856இல் 'மாடர்ன் பெயின்டர்ஸ்' மூன்றாம் தொகுதியில் அதைக் குறையாகச் சொன்னார் என்பதை விட்டுவிடுகிறார்கள். கடல் நுரை கொடியது, ஊர்ந்து வருவது என்று கிங்ஸ்லி பாடியதை எடுத்துக்கொண்டு, நுரைக்குக் கொடுமை கிடையாது, துக்கத்தில் அறிவு நிலைகுலைந்தவன் பார்வை அது என்றார். அந்தத் துக்கம் உண்மையானது என்பதால் வரி நம்மைத் தொடுகிறது என்றும் ஒப்புக்கொண்டார். நம் தற்குறிப்பேற்றம் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் அதுவே இது இல்லை. மதுரை மதிற்கொடிகள் கோவலனை 'வாரல்' என்பதுபோல் மறித்துக் கைகாட்டியது அணி. புலவன் தெரிந்தே ஏற்றிய குறிப்பு. ரஸ்கின் பேசுவது கட்டுப்பாடு இழந்த மனத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றென்று மொழிபெயர்த்தால் மதிப்பெண் போகாது, பொருள் போய்விடும்.

கவிஞர் ஹாப்கின்ஸ் 1889இல் இறந்தார், கவிதைகள் 1918இல்தான் புத்தகமாயின. எழுதிய காலம் விக்டோரியன் என்று விடைத்தாளில் தெளிவாக எழுதச் சொல். அவருடைய சந்த முறையான ஸ்ப்ரங் ரிதம்மில் அழுத்தமான அசையை மட்டும் எண்ண வேண்டும், மற்றவை எத்தனை வந்தாலும் சரி. மேசையைத் தட்டிக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

'பிளீக் ஹவுஸ்' முதல் பத்து மாதப் பகுதிகளின் கடைசி அத்தியாயங்கள் இதோ, உன் பிரதியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்: 4, 7, 10, 13, 16, 19, 22, 25, 29, 32. மீதி ஒன்பது இதழ்களுக்கும் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்,
வசந்தா