பன்னிரண்டு நிமிடத்தில் ‘பழுதில்லை’ என்று திரும்பி வந்த ராம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
டிடிபி கடை உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 8 ஜிபி டிடிஆர்4 ராம் பழுது – மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) இருந்தது. ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன, இங்கே மலையாளத்துக்காரர்களுக்கும் அதே மாதம்தான் கல்யாண சீசன், வேலை குவியும் என்று உங்கள் இணையதளத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். அன்று மாலையே ப்ளூ ஸ்கிரீன். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுநாள் மூன்று முறை. மூன்றாவது முறை, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமுமாக அமைத்து வைத்திருந்த அழைப்பிதழைச் சேமித்துக்கொண்டிருந்தபோது நின்றது. அந்த ஃபைல் அப்புறம் திறக்கவே இல்லை. பெண் வீட்டார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர், பழைய ராமோடு சேர்த்துப் போட்டதால் வந்த கோளாறு என்றார். பழையதன் வேகம் 2400, புதியதன் வேகம் 3200. சேர்த்துப் போட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும் என்பது எனக்கும் தெரியும். சில சமயம் இரண்டும் ஒத்துப்போகாது என்பதும் உண்மைதான். அதனால்தான் தனித்தனியாகப் பார்த்தேன். பின்களை ரப்பரால் துடைத்தேன். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து, பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தன் போக்கில் வைக்கும் வேகத்திலேயே விட்டேன். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் போட்டு, பழைய ராமை மட்டும் ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் ஒரு பிழைகூட இல்லை. உங்களுடையதை மட்டும் போட்டபோது முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. இரண்டாம் சுற்றில் சிவப்பு வரிகள், ஏழு பிழைகள், ஏழும் ஒரே முகவரியில். ஸ்லாட் மாற்றிப் போட்டேன், அங்கேயும் அதே முகவரி. மதர்போர்டையோ பழைய ராமையோ இதில் எப்படிக் குறை சொல்வது?

சரி, அனுப்புங்கள் என்றீர்கள். கோவையில் உங்கள் சேவை மையம் இருக்கிறது. வேலந்தாவளம் எல்லையைத் தாண்டினால் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் பின்கோடு கேரளா என்பதால் கொச்சிக்குத்தான் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். 18 நாள் கழித்து ‘பரிசோதித்ததில் பழுதில்லை’ என்ற தாளோடு அதே ராம் திரும்பி வந்தது. தாளின் ஓரத்தில் யாரோ பேனாவால் நேரம் குறித்திருக்கிறார்: 11.40, 11.52. பன்னிரண்டு நிமிடம். மெம்டெஸ்டின் முதல் சுற்றே பெயருக்கு ஒரு மேலோட்டம்தான். முழுச் சோதனை அதற்குப் பின்னால்தான் தொடங்கும். விண்டோஸ் ஓடுகிறதே என்று பார்த்துப் பொட்டலம் கட்டிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். வந்த அன்றே மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே சிவப்பு வரி, அதே இடம்.

சேவை எண்ணில் பின்கோட்டைப் பார்த்து மலையாளத்தில் பேசுகிறார்கள். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும், அதில் குறையில்லை. இரண்டு மொழியிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் ஒன்றுதான். தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு விற்றதற்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) போட்டுத்தான் பில் தந்தீர்கள். மாற்றித் தரும்போது மட்டும் வாளையாறு எல்லை குறுக்கே நிற்கிறது.

என் கோரிக்கை இதுதான். வேறு ராம் தாருங்கள், இல்லையென்றால் வரியோடு முழுப் பணத்தையும் திருப்புங்கள். கொச்சிக்கு அனுப்பிய கூரியர் செலவும் வேண்டும். பழுதான ராமைக் கோவை மையத்தில் ஒப்படைக்க அனுமதியுங்கள். மீண்டும் சோதிப்பதாக இருந்தால் மெம்டெஸ்டின் நான்கு சுற்றும் முடியட்டும், முடிவுத் திரையின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொச்சிக்கு அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
டிடிபி கடை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், மெம்டெஸ்ட் திரையின் நான்கு படங்கள், நேரம் குறித்த உங்கள் தாளின் நகல்.