அந்தப் பாடகர் எங்கள் ஆளும்கூட

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் பங்க் என்ற முரட்டு ராக் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிழிந்த சட்டை, காதில் ஊக்கு, சேவல் கொண்டை மாதிரி முடி என்று ஒரு பக்கம் முழுக்க வர்ணனை. அந்த இசையின் பெரிய பாடகர் ஜோ ஸ்ட்ரம்மருக்கு நாலே வரி. அதிலும் அவர் லண்டனில் பிறந்தவர் என்று ஒரு பிழை. அவர் பிறந்தது துருக்கியின் அங்காராவில், 1952 ஆகஸ்ட் 21 அன்று. இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். அந்த அப்பா பிறந்ததோ நம் லக்னோவில்.

தீயணைப்புத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கடலூர்க்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் என் பையனால்தான். புதுச்சேரியில் வேலை பார்க்கிறான், தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். அவனுக்கு இடது கைப் பழக்கம். கிட்டார் வாங்கப் போனபோது கடையில் இருந்ததெல்லாம் வலது கைக்காரர்களுக்கானவை. நான் முகம் சுளித்தேன். "பரவாயில்லப்பா, ஸ்ட்ரம்மரும் இடது கைதான், இதே மாதிரி கிட்டாரைத்தான் வாசிச்சார்" என்றான். ஆறு தந்தியையும் மொத்தமாக அடிக்கத்தான் தெரியும் என்று அந்த மனிதர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வாராம். ஸ்ட்ரம்மர் (தந்திகளை மொத்தமாக அடிப்பவர்) என்று பேர் வைத்துக்கொண்டதும் அதனால்தான். பாடகராவதற்கு முன்னால் வேல்ஸில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியிருக்கிறார். லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் வாசித்துச் சில்லறை வாங்கியிருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. எனக்குச் சீர்காழி போதும். ஆனால் அவர்கள் போட்ட கணக்கு பிடித்தது. 1979-ல் அவருடைய 'தி கிளாஷ்' குழு இரண்டு இசைத்தட்டு கொண்ட ஆல்பத்தை ஒரு தட்டின் விலைக்கு விற்க வைத்தது. மறு வருஷம் மூன்று தட்டு. விலையைக் குறைக்க, முதல் 2 லட்சம் பிரதிகளுக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. 2002 நவம்பரில் பிரிட்டன் தீயணைப்பு வீரர்கள் வருஷத்துக்கு 30,000 பவுண்டு சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவத்தினர் 1950-களில் செய்த பச்சை வண்டிகளைக் கொட்டகையிலிருந்து கிளப்பிக்கொண்டு தீயணைக்கப் போனார்கள். (அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சர்வீஸில் சேர்ந்தபோது ஓடிய வண்டியும் ஏறக்குறைய அந்த வயசுதான்.) முதல் 48 மணி நேர நிறுத்தம் முடிந்த நவம்பர் 15 அன்று இரவு, மேற்கு லண்டனில் ஆக்டன் நகர மண்டபத்தில் அவர்களுக்காக நிதி திரட்டும் கச்சேரி நடத்தினார் ஸ்ட்ரம்மர்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையேறிய பிறகு, பண்ருட்டிப் பக்கம் சாய்ந்து கிடந்த பலாவையும் முந்திரியையும் அறுத்து வழி விட்டவர்களில் நானும் ஒருவன். ஊர்க்காரர்கள் டீ கொடுத்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். மறக்க மாட்டேன். ஆனால் எங்கள் சம்பளச் சீட்டைப் பற்றிப் பாடிய ஒருவரையும் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

அந்தக் கச்சேரியின் வீடியோவைப் பையன் செல்போனில் காட்டினான். கூட்டத்தில் நின்ற மிக் ஜோன்ஸ் திடீரென்று மேடையேறி கிட்டாரை மாட்டிக்கொள்கிறார். பழைய குழுவில் கூட இருந்தவர், 1983-ல் வெளியே அனுப்பப்பட்டவர். அதற்குப் பிறகு 19 வருஷம் இருவரும் ஒரே மேடையில் வாசித்ததில்லை. எனக்கும் என் பேட்ச்காரர் ஒருவருக்கும் டியூட்டி மாற்றிப் போட்ட தகராறில் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. வீடியோ பார்த்த மறுநாள் அவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயந்தரம் அவரே கூப்பிட்டு, முட்டி வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறாய் என்று கேட்டார். சரி, அது வேறு கதை.

கச்சேரி முடிந்து 37 நாளில், டிசம்பர் 22 அன்று, சாமர்செட் வீட்டில் ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். வயது 50. பிறவியிலேயே இதயத்தில் இருந்த கோளாறு, கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இறுதிச் சடங்குக்குத் தீயணைப்பு வீரர்கள் சீருடையில் வந்து நின்றார்கள். 2005-ல் ஒரு டீசல் ரயில் எஞ்சினுக்கு அவர் பேரை வைத்தார்கள். ஸ்பெயினின் கிரனாடாவில் ஒரு சதுக்கமே அவர் பேரில் இருக்கிறது. மனைவியும் நண்பர்களும் தொடங்கிய அறக்கட்டளை, கையில் காசில்லாத இளம் இசைக்காரர்களுக்கு உதவுகிறது. பையனும் நண்பர்களும் ஷட்டர் போட்ட கடையறை ஒன்றில் வியர்த்து வழிய வாசித்துவிட்டு, பக்கத்து வீட்டில் திட்டு வாங்கி வருவதைப் பார்க்கும்போது, நம் பக்கமும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

அடுத்த முறை பங்க் பற்றி எழுதும்போது, ஊக்குக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது ஆக்டன் மண்டபத்துக்குக் கொடுங்கள். அப்படியே அவர் பிறந்த ஊரையும் அங்காரா என்று திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்னணித் தீயணைப்பு வீரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்