வாசற்படியைப் பற்றி அண்ணனுக்கு

நியூகாசில்,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீங்கள் மே மாதம் எழுதிய கடிதம் வந்து இரண்டரை மாதமாகிறது. சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் அதைச் செருகி வைத்திருக்கிறேன். பருப்பு எடுக்கும்போதெல்லாம் "உயிரோடு இருக்கிறேன் என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா" என்ற உங்கள் வரி கண்ணில் படும். அம்மாவுக்கு இப்போது தொலைபேசியில் ஒன்றும் காதில் விழுவதில்லை, கடிதமென்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பீர்கள், அவளும் திரும்பத் திரும்பக் கேட்பாள் என்று தெரிந்தும் எழுதாமலிருந்தது என் பிழைதான். இன்று எழுதவைத்ததும் நான் அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உங்களைப் போலவே கோபப்பட்ட ஒரு மனிதன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை, கிடைத்தபோது எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வசந்த காலத்திலிருந்து இவருக்கு வீட்டிலிருக்க நிறைய நேரம் கிடைப்பதால் பிள்ளைகளை அவரே பார்த்துக்கொள்கிறார். ரசம் என்னைவிட நன்றாக வைக்கிறார் என்று சின்னவள் சொல்கிறாள். இரவுப் பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வார்டு அமைதியாக இருக்கும். சென்ற குளிர்காலம் முழுவதும் நால்வரும் ஒரே அறையில் ஒரே ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. ஆறு வார விடுமுறையையும் வீட்டுக்குள்ளேயே கழிக்க வேண்டாமென்று, அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்த்து வந்தோம். நடுத்தெரு அத்தை கேட்டால், குடும்பத்தோடு வெளிநாட்டுக் கோடைச் சுற்றுலா போனார்கள் என்றே சொல்லுங்கள், பொய்யில்லை.

கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தாவை நினைவிருக்கிறதல்லவா? அவர் இப்போது லீக் வளர்க்கிறார். வெங்காயத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தண்டு நம் கைத்தண்டைவிடப் பருமன். இலையுதிர் காலத்தில் யாருடைய லீக் பெரியது என்று இந்தப் பக்கத்தில் போட்டி வைப்பது நெடுநாள் வழக்கம். எதிராளி யாராவது வந்து வெட்டிவிடுவானோ என்று இரவில் இரண்டு முறை டார்ச் விளக்கோடு எழுந்து பார்க்கிறார். விடியற்காலையில் நான் பணி முடிந்து வரும்போது வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எல்லாம் பத்திரம்" என்று எனக்கு அறிக்கை தருவார். போட்டிக்குத் தேறாதவை இரண்டைக் கொடுத்தார்; பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்து ஒரு கிண்ணம் அனுப்பினேன். நான் போட்ட மிளகில் கண்ணில் நீர் வழிய, அருமை என்றார்.

சுவரைப் பார்க்கப் போகிறோம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அதன் நடுவில், இரண்டு குன்றுகளுக்கிடையேயுள்ள பள்ளத்தில், ஒற்றையாக ஒரு சிக்கமோர் மரம் நின்றது. 2023 செப்டம்பரில் ஓர் இரவில் அதை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். திருமணத்துக்கு முன் தன் மனைவியோடு அதனடியில் ரொட்டி சாப்பிட்டவராம். அடிமரத்தில் எட்டுத் துளிர்கள் விட்டிருப்பதாக இந்த மாதம் செய்தி வந்தது. போய்ப் பார்த்து வந்து சொல் என்றார். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் கீழே வருகிறது.

நியூகாசிலிலிருந்து ஆற்றோரமாகவே ரயிலில் ஹெக்ஸம் வரை போய், அங்கிருந்து சுவரையொட்டிப் போகும் பேருந்தில் ஏறினோம். பேருந்தின் எண் AD122. ரோமாபுரிப் பேரரசன் ஹேட்ரியன் காலத்தில் இந்தச் சுவர் தொடங்கப்பட்ட ஆண்டும் கி.பி. 122தான். கிழக்கே எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் வால்ஸெண்ட் என்ற இடத்திலிருந்து மேற்குக் கடற்கரை வரை 117 கிலோமீட்டர். வால்ஸெண்ட் என்றாலே சுவர் முடியுமிடம் என்றுதான் பொருள். அங்குள்ள மெட்ரோ நிலையத்தில் அறிவிப்புப் பலகைகளை ஆங்கிலத்தோடு லத்தீனிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். லத்தீன் பேசும் பயணி ஒருவரையும் நான் இதுவரை அங்கே கண்டதில்லை.

முதல் சனிக்கிழமை ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் போனோம். மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் காற்று காதைக் கிள்ளியது. கட்டிக்கொண்டு போன புளியோதரையை விறைத்த விரல்களால் பிசைந்து சாப்பிட்டோம். இடுப்பளவுச் சுவர்கள், தானியக் கிடங்கின் தரையைத் தாங்கிய குட்டைத் தூண்கள், அப்புறம் பிள்ளைகள் விட்டு நகரவே மறுத்த பொதுக் கழிப்பிடம். சிப்பாய்கள் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருப்பார்கள்; கீழே ஆழமான சாக்கடை, முன்னால் கைகால் கழுவத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், மேட்டின் மேலே விழும் மழையைத் தொட்டிகளில் பிடித்து அதற்கு விட்டிருக்கிறார்கள். இதை மட்டும் அம்மாவுக்கு இரண்டு முறை வாசியுங்கள், சிரிப்பாள்.

அடுத்த பத்தியை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். பெரியவன், ஏறக் கூடாது என்று எழுதியிருந்த சுவரின் மேலேயே ஏறி, மழையில் நனைந்த கல்லில் வழுக்கி விழுந்தான். மோவாயில் வெட்டு, மூன்று தையல். மருத்துவமனையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அங்கும் இரவுப் பணி போலவே இருந்தது. தையல் பிரித்தாகிவிட்டது, தழும்பு தெரியாது. மரத்தைப் பார்க்கப் போகாததற்கு இதுதான் காரணம். தாத்தாவிடம் சொன்னபோது, மரம் எங்கேயும் போகாது என்றார், பிறகு தானே சிரித்துக்கொண்டார்.

மறுவாரம் போனது விண்டோலண்டா. சுவருக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டரில், சுவர் எழுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்த கோட்டை. ஒரு படை போய் மறு படை வரும்போது பழைய மரக் கட்டடங்களை இடித்து, களிமண்ணும் புற்கட்டியும் போட்டு மூடி, அதன் மேலேயே புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். ஈர மண்ணுக்குள் காற்றுப் புகாததால் தோலும் மரமும் மக்கவில்லை. ஆயிரக்கணக்கான செருப்புகள் கிடைத்திருக்கின்றன. கைக்குழந்தையின் செருப்பும் உண்டு. 1973இல் இராபின் பிர்லி என்ற அகழாய்வாளர், இழைப்புளிச் சீவல் போலக் கிடந்த மெல்லிய மரத் துண்டுகள் இரண்டைப் பிரித்தபோது உள்ளே மையால் எழுதிய எழுத்து இருந்தது. காற்றுப் பட்டதும் மங்கத் தொடங்கிவிட, அகச்சிவப்புப் படமெடுத்துத்தான் படித்தார்கள். அஞ்சலட்டை அளவில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன; பெரும்பாலானவை இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவர் நூலகத்திலிருந்து அவற்றின் மொழிபெயர்ப்பை எடுத்து வந்திருந்தார். போகும்போதும் வரும்போதும் ரயிலில் வாசித்துக் காட்டினார்.

நான் சொன்ன கோபக்காரர் இங்கேதான் வருகிறார். சொலெம்னிஸ் என்பவர் பாரிஸ் என்ற தம் நண்பனுக்கு எழுதுகிறார்: நான் மிக்க நலம், நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன், எனக்கு ஒரு கடிதம்கூட அனுப்பாத பொறுப்பற்றவனே! நலம், நலமறிய ஆவல், உடனே வசவு. அண்ணா, உங்கள் கடிதத்தை யாரோ லத்தீனில் பெயர்த்தது போலிருந்தது. இன்னொருவர், இத்தனை காலமாக ஏன் எனக்குப் பதிலே எழுதவில்லை என்று கேட்டுவிட்டு, நம் பெரியவர்களிடமிருந்து ஏதாவது செய்தி வந்ததா என்று விசாரிக்கிறார். இவர்களும் வெளியூர்க்காரர்கள்; இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்திலிருந்து கொண்டுவந்து இந்த மேட்டில் நிறுத்தப்பட்டவர்கள். வாசித்துக்கொண்டிருந்த இவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் சன்னலுக்கு வெளியே ஆடுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஒக்டேவியஸ் என்ற வியாபாரியின் கடிதமும் உண்டு. நிறையத் தானியம் வாங்கியிருக்கிறேன், குறைந்தது 500 தெனாரியஸ் வெள்ளிக் காசாவது அனுப்பு, இல்லாவிட்டால் கொடுத்த முன்பணமும் போய் நான் தலைகுனிய வேண்டியிருக்கும் என்கிறார். தோல்களை ஏற்றி வரப் போயிருப்பேன், ஆனால் சாலை மோசம், வண்டி விலங்குகளை வதைக்க மனமில்லை என்று ஒரு சாக்கும் சொல்கிறார். இவர் அதை இரண்டு முறை வாசித்தார், எங்களுக்கு அல்ல, தனக்குள்ளே. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: ஒரு கணக்குப் பலகையில் கம்பாக்ஸ் என்ற சிப்பாய் இரண்டு தெனாரியசுக்கு மிளகு வாங்கியதாக எழுதியிருக்கிறது. மிளகு! இந்த மலையில் விளைந்ததா அது? நம் மேற்குக் கரையில் கொடியில் பறித்து, முசிறித் துறையில் கப்பலேறி, செங்கடலும் எகிப்தும் கடந்து, உரோமாபுரி வழியாக இந்தப் பனிமூட்டத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. யவனர் கப்பல் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் என்று அகநானூற்றில் அப்பா அடிக்கடி சொல்வாரே, கறி என்றால் மிளகுதானே, அந்தக் கறியின் ஒரு பிடி போன இடம் எது என்பதை நான் பார்த்துவிட்டேன். அவர் இருந்திருந்தால் அன்றிரவே தொலைபேசியில் சொல்லியிருப்பேன். அப்பாவின் திதிக்கு நான் வராமல் போவது இது இரண்டாவது முறை.

நம் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோட்டைத் தலைவன் வீடு, சிப்பாய்களின் அறைகள், கடைவீதி என்று அங்கே தெருத்தெருவாக அடித்தளம் மட்டும் நிற்கிறது. முழங்கால் உயரச் சுவருக்கு வெளியே நின்று, இது கூடம், இது அடுப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே வந்தவள், ஒரு வாசற்படியில் நின்றுவிட்டேன். கல்லின் நடுப்பகுதி மட்டும் மிதிபட்டு மிதிபட்டுக் கிண்ணம் போலத் தேய்ந்து, அன்று பெய்த மழை அதில் தேங்கியிருந்தது. நம் வீட்டு வாசற்படியும் இடதுபக்கம் அப்படித்தான் தேய்ந்திருக்கும். தாத்தா காலத்திலிருந்தே எல்லோரும் அந்தப் பக்கமாகத்தான் இறங்கினோம், வலதுபக்கம் ஆட்டுரல் கிடந்ததால். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் கழுவிவிட்டால் அந்தக் குழியில் மட்டும் மஞ்சள் தண்ணீர் நிற்கும். சின்னவள் என் கையை இழுத்து, "ஏன் அழுகிறாய், இது யார் வீடு?" என்று கேட்டாள். காற்று என்று சொன்னேன்.

வீட்டை இடிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியது சரிதான். ஓடு ஒழுகும் வீட்டில் அம்மாவை இன்னொரு மழைக்காலம் வைத்திருக்க முடியாது. எனக்கு மறுப்பில்லை. அதிகாரப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். தூதரகத்தில் நேரம் வாங்கி, சான்றொப்பம் பெற்று அனுப்பிவைக்கிறேன். சித்தப்பாவிடம் முதலில் பேசிவிடுங்கள், பின்கட்டுச் சுவர் பொதுச்சுவர் என்று அவர் பிறகு சொல்லக் கூடாது. தேக்கு உத்திரங்களை ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விட்டுவிடாதீர்கள், நிறுத்து விலை பேசுங்கள்.

என் பங்குத் தொகையை இப்போது முழுவதும் அனுப்ப இயலவில்லை. இங்கே ஒரு வைப்புத்தொகையில் போட்டிருக்கிறோம், நடுவில் எடுத்தால் நட்டம். தைக்குள் பாதியாவது அனுப்புகிறேன். அஸ்திவாரம் வரைக்கும் நீங்கள் சமாளித்துக்கொள்ள முடியுமா என்று எழுதுங்கள். அண்ணியின் நகையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படிக்கல்லை ஜல்லியோடு ஜல்லியாக அள்ளிப் போட விடாதீர்கள். ஹெக்ஸம் தேவாலயத்தின் அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கட்டும்போது ரோமானியர் கட்டடங்களின் கற்களைக் கொண்டுவந்து அப்படியே சுவரில் வைத்திருக்கிறார்கள், பழைய செதுக்கு வேலை கூடச் சில கற்களில் தெரிகிறது. கொத்தனாரிடம் சொல்லிப் புதுவீட்டுக்கும் அதே கல்லைப் படியாகப் போடச் சொல்லுங்கள். தேய்ந்த கல் பொருந்தாது என்பார். திருப்பிப் போடுகிறேன் என்பார். திருப்ப வேண்டாம்.

விண்டோலண்டாவில் முதலில் படித்தறிந்த பலகை என்ன தெரியுமா? யாரோ யாருக்கோ காலுறைகளும், 2 ஜோடிச் செருப்பும், 2 உள்ளாடைகளும் அனுப்பிய விவரம். மார்கழிப் பனியில் கால் விரல் மரத்துப்போகிறது என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னிக்கொண்டிருக்கிறேன். வார்டில் எல்லோரும் தூங்கியபின் ஓர் இரவுக்கு ஒரு விரற்கடை வளர்கிறது. அளவுதான் தெரியவில்லை. அம்மாவின் பாதத்தைக் காகிதத்தின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். வலது காலையும் இடது காலையும் தனித்தனியே வரையுங்கள். வீக்கம் இன்னும் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை